பன்னிரண்டில் நிற்கும் முள்

என் வாட்ச் நின்றுபோய்விட்டது என்று என்னிடம் சொல்லாத ஆள் திருநெல்வேலியில் குறைவு. டவுண் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் நிற்பவர் சொல்வார். அல்வாக் கடையில் பொட்டலம் வாங்கக் கையை நீட்டினால் கட்டிக்கொடுக்கிறவர் சொல்வார். “எம்மா, வாட்ச் ஓடலியே” என்பதில் அப்படி ஓர் அக்கறை இருக்கும். சேலை முந்தானை தரையில் இழுபடுகிறது என்று சொல்கிற அதே அக்கறை. ஒரு கண்டக்டர் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே, “ஆச்சி, ஒங்க வாட்ச் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனது இன்னும் வரல போலுக்கே” என்றார். என்னை ஆச்சி என்றதற்குக் கோபப்படுவதா, சொன்ன அழகுக்குச் சிரிப்பதா என்று யோசித்ததில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

வாட்ச் நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் வந்த ஜப்பான் குவார்ட்ஸ் அது. குரோனோகிராஃப் வகை. அதாவது நேரத்தைக் காட்டுவதோடு, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கவும் செய்யும். முகத்துக்குள் மூன்று சின்ன வட்டங்கள் இருப்பதால், நான் வேலை செய்யும் பட்டறையில் ஒருத்தி, “நெல்லையப்பருக்குப் போட்டியா மூணு கண்ணோட வந்துட்டியே” என்றாள். நடுவில் ஒரு நீளமான ஒல்லி முள் இருக்கிறது. மற்ற வாட்சுகளில் அது நொடி முள், எந்நேரமும் சுற்றும். இதில் அது அளக்கிற முள். மேல் பொத்தானை அமுக்கினால் கிளம்பும், மறுபடி அமுக்கினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அமுக்கினால் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். வேலை இல்லாதபோது பன்னிரண்டில் நிற்பதுதான் அதன் ஒழுங்கு. நிஜமான நொடி முள் கீழே, சட்டைப் பித்தான் அளவு வட்டத்துக்குள், யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. பெரிய முள் நின்றால் வாட்சே நின்றுபோயிற்று என்பது ஊரின் தீர்ப்பு.

நான் பேட்டையில் பை தைக்கிற பட்டறையில் இருக்கிறேன். பள்ளிக்கூடப் பை, லேப்டாப் பை, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையும் முன்னே திரும்பி வந்தவள். அங்கே என்ன நடந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் “ஒத்து வரல” என்று ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன், இங்கும் அதையே சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நானும் என் தம்பியும்தான். எங்களைக் கவனிக்க என்று வந்து, எங்கள் கவனிப்பில் இருப்பவள் என் சித்தி.

வாட்ச் கிடைத்தது இப்படி. பட்டறைக்குப் பின் தெருவில் இருக்கும் ஒரு வீட்டம்மா, ஜிப் போன பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக்காரர் சபர் என்று வெளிநாட்டு வேலைக்குப் போய், பாதி ஆயுசை வளைகுடா நாட்டில் கழித்துத் திரும்பியவர். பெட்டியின் உள்பையில் இது கிடந்தது, வார் இல்லாமல். எடுத்துக் கொடுத்தேன். “இதுவா? வார் அந்துச்சு, தூக்கிப் போட்டாவ. பட்டரி ஒழுகிருக்கும்” என்றார். எனக்கு வேண்டும் என்றேன். “அல்லாவே, பொம்பளப்புள்ள கைக்கு இது சட்டி மாதிரில்லா இருக்கும்!” என்று என் மணிக்கட்டைப் பிடித்து வைத்துப் பார்த்தார். பிறகு அவரே, “சட்டியும் நல்லாத்தான் இருக்கு” என்றார். விலை பேசி வாங்கினேன். திரும்பி வந்த பிறகு எனக்கென்று நான் வாங்கிக்கொண்ட முதல் சாமான் அது. கையில் வளையல் போடலாமா கூடாதா என்று உறவுக்காரப் பெண்கள் எனக்காகக் கூடிப் பேசிக்கொண்டிருந்த காலம். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாகவும் இருக்கட்டும் என்று கட்டிக்கொண்டேன்.

முதுகு மூடியைத் திறந்தபோது பட்டரியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, பிறகு ஈரம் போகத் துடைத்து, ரத வீதியில் பட்டரி போடும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பட்டரி போட்டதும் ஓடியது. ஆனால் பெரிய முள் பதினொன்றுக்குப் பக்கத்தில் கோணலாக நின்றது. அண்ணாச்சி, “இதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா. முள்ளு அங்கன நிக்கணும்னு அதுக்கு ஆசை, நிக்கட்டுமே” என்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. போனில் தேடிப் பார்த்து, சாவிக் குமிழை வெளியே இழுத்து வைத்து, பொத்தானைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டாக முள்ளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பட்டரி மாற்றும்போதெல்லாம் இதே பாடுதான். அளக்கிற முள்ளைச் சும்மா ஓட விடக்கூடாது என்பதும் அப்போது படித்ததுதான். பட்டரி சீக்கிரம் தீரும், உள்ளே சக்கரம் தேயும்.

வார் மாட்டுவதுதான் பெரிய கதை. வார் உட்காரும் இடைவெளி இதில் பத்தொன்பது மில்லிமீட்டர். கடையில் கிடைப்பது பதினெட்டு, அல்லது இருபது. பதினெட்டைப் போட்டால் பல் விழுந்த வாய் மாதிரி ஓரம் தெரியும். இருபதைத் திணித்தால் வார் நடுவில் உப்பி நிற்கும். அதனால் நானே தைத்துக்கொள்வேன். பட்டறையில் மிச்சம் விழும் ஆட்டுத்தோலை விளிம்பு சீவி, மெழுகு நூலால் இரண்டு பக்கமும் தைத்து, வாரைப் பிடிக்கும் ஸ்பிரிங் பின்னைக் குத்தூசி முனையால் அமுக்கி உள்ளே விடவேண்டும். கொஞ்சம் கை நழுவினால் அந்தப் பின் பறந்து தையல் மெஷினுக்கு அடியில் போய்விடும், பிறகு எல்லோரும் குனிந்து தேடவேண்டும். எங்கள் ஊர் வெயிலில் தோல் வார் வியர்வை குடித்துக் கறுக்கும். அதற்காக இரண்டு வார்கள் வைத்து மாற்றி மாற்றிக் கட்டுவேன். சாரல் காலத்தில் பைக் கைப்பிடிக்குப் போடும் நைலான் நாடா. பொத்தான்களைச் சுற்றி உப்புப் படியாமல் பழைய பல் தேய்க்கும் பிரஷால் வாரம் ஒருமுறை தட்டிவிடுவேன்.

என் பக்கத்து மெஷினில் உட்காருகிறவள் மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்தவள். மலைமேல் தேயிலை எஸ்டேட் மூடப்பட்டு எல்லோரும் வந்தபோது அவளும் வந்தாள். அவளிடம் யாராவது “அப்ப அங்க எல்லாம் முடிஞ்சு போச்சா?” என்று இழுத்தால் அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும். “நான் முடிஞ்சா போனேன்? இங்கன உக்காந்து ஜிப் தைக்கேன்லா, கண்ணு தெரியலியா?” என்பாள். நின்ற வாட்ச் என்று என்னிடம் சொல்பவர்களுக்குச் சொல்ல நான் இதைவிட நல்ல வாசகம் கண்டதில்லை.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தம்பிக்குக் கல்யாணம் கூடிவரும் வரை.

எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். அடுத்த இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோ போடவேண்டும். நாத்தனார் முடிச்சு என்பார்கள். தம்பிக்கு அக்கா என்று நான் ஒருத்திதான். என் கல்யாணத்தில் எனக்கு முடிச்சுப் போட்டவர்கள் முகம்கூட எனக்கு நினைவில்லை. தம்பி கல்யாணத்தில் நான் முடிச்சுப் போடவேண்டும் என்ற ஆசை மட்டும் அவன் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்தே எனக்கு இருந்தது. இதற்கு ஒரு குறையும் வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

நிச்சயதாம்பூலம் பெண் வீட்டில், டவுணில். பெண் ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்க்கிறாள். அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பூலத் தட்டை நான் நீட்டினேன். அவர் தட்டைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்த்தார்.

“எம்மா, நல்ல காரியத்துக்கு வரும்போது நின்ன வாட்ச கட்டிட்டு வரலாமா?”

“நிக்கல மாமா, ஓடுது. இந்தா, கீழ பாருங்க.”

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக் குனிந்தார். “எங்க? பெருசு நிக்குதுல்லா?”

“பெருசு அப்பிடித்தான் நிக்கும். சின்னதுதான் ஓடும்.”

“எங்க வீட்லயும் அதே கததான்” என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கூடம் முழுக்கச் சிரிப்பு. பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் தட்டை என் கையிலிருந்து வாங்கவில்லை. சித்தி அதை வாங்கி நீட்டிய பிறகு அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் சித்தி மூலமாகச் சொல் வந்தது. நின்ற கடிகாரம் கட்டிய கை தாலி முடிச்சுக்கு வேண்டாம். மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இருக்கிறாளே, அவள் போடட்டும். யாரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சித்தி இதைச் சொல்லிவிட்டு, “ஏட்டி, அந்தச் சனியனக் கழத்தி வையி. ஒரு நாளு. முடிச்சப் போட்டுட்டு மறுபடி கட்டிக்க. கை என்ன தேஞ்சா போவும்?” என்றாள். தம்பி அவன் கையில் இருந்த ஸ்மார்ட் வாட்சைக் காட்டி, “யக்கா, வேணும்னா அன்னிக்கு இதக் கட்டிக்கயேன். படியெல்லாம் எண்ணும்” என்றான். “மணவறைக்கு நாலு படி. அத நானே எண்ணிக்கிடுதேன்” என்றேன்.

கழற்றி வைப்பது பெரிய காரியம் இல்லை. குளிக்கும்போது கழற்றுகிறேன், மாவு பிசையும்போது கழற்றுகிறேன். ஆனால் அந்தச் சொல்லில் வாட்ச் மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைக் கேட்டுவிடுவது என் குணம். பத்திரிகை எழுத்துகளைச் சரிபார்க்கப் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தபோது, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

“மாமா, நான் வாட்ச கழத்திட்டா முடிச்சுப் போடலாம்லா?”

அவர் காப்பியை ஆற்றினார். ஆறின பிறகும் ஆற்றினார்.

“அது வந்தும்மா... பொதுவா அந்த முடிச்சு... புருசனோட இருக்கவுக போடுததுதான வழக்கம்? நான் ஒன்னக் கொற சொல்லல. ஒனக்கே தெரியும்.”

“தெரியும் மாமா. நீங்க சொல்லிக் கேக்கணும்னுதான் கேட்டேன். அப்ப வாட்ச் மேல பழியப் போடாதீய. அது பாட்டுக்கு ஓடுது.”

சித்தி அடுக்களை வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் வெளியே போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான், அல்லது மாட்டுவதுபோல் குனிந்திருந்தான். அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். சண்டை என்றால் தெருமுனைக்குப் போய் நிற்கிற பிள்ளை அவன். நிமிராமலே சொன்னான்.

“முடிச்சு எங்க அக்காதான் போடுவா மாமா. அது முடிஞ்ச பேச்சு. வாட்ச் விசயத்த நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுங்க.”

சொன்னதும் போய்விட்டான். முழு வீரம் வராதவனுக்குப் பாதி வீரம் வந்தது. எனக்கு அது போதும்.

பெரியப்பா பொல்லாத மனிதர் இல்லை. பிறகு பெண் வீட்டில் என்ன பேசினார்களோ, பெண் என்ன சொன்னாளோ, முடிச்சை நான் போடலாம் என்று ஒத்துக்கொண்டார். அதற்கு ஒரு வாலும் இருந்தது. வாட்ச் ஓடவேண்டும், இல்லையென்றால் கையில் இருக்கக் கூடாது. இது தவிர, தோல் வார் கட்டிக்கொண்டு மணவறை ஏறக் கூடாது.

இங்கேதான் எல்லோரும் என்மேல் பாய்ந்தார்கள். கேட்டது கிடைத்துவிட்டது, இனி வாட்சை விட்டுக்கொடுத்தால் என்ன? அல்லது அந்தப் பொத்தானை அமுக்கி முள்ளை ஓட விட்டால் என்ன? ஒரு முகூர்த்த நேரம் சுற்றினால் சக்கரம் தேய்ந்தா போகும்? தேயாது. அது எனக்கும் தெரியும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை, ஓடுகிறது என்று நம்பவைக்க இன்னொன்றை ஓட்டிக் காட்டவேண்டுமா? கையை ஏற்றுக்கொண்டவர்கள் அந்தக் கையில் இருப்பதையும் இருக்கிறபடி ஏற்றுக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

தோல் வேண்டாம் என்பது மட்டும் நியாயமாகப் பட்டது. மணவறையில் தோல் ஆகாது என்று நம்புகிறவர்கள் நடுவில் அதைக் கட்டிப்போய் வம்பு செய்ய எனக்கு விருப்பமில்லை. அதனால் பெட்டியைத் திறந்து என் கல்யாணக் கூறைப்புடவையை எடுத்தேன். அரக்கு நிறம், கை அகல ஜரிகைக் கரை. கரையிலிருந்து ஒரு துண்டை நறுக்கினேன். உள்ளே பைக் கைப்பிடி நாடா, மேலே பட்டு, விளிம்பை மடித்து இரட்டைத் தையல். வாட்சின் அடியில் நுழைந்து இரண்டு பின்னுக்கும் உள்ளே ஓடி வெளியே வரும் ஒற்றை வாராகத் தைத்தேன். பட்டில் துளை போட்டால் இழை பிரியும். அதற்காகக் குத்தூசியைச் சூடு காட்டிக் குத்தினேன். உள்ளே இருக்கும் நைலான் உருகி, துளையின் விளிம்பைச் சுற்றிப் பட்டைப் பிடித்துக்கொண்டது. பழைய வாரின் பூட்டை மாட்டி இழுத்துப் பார்த்தேன். என் ஆயுசில் தைத்ததிலேயே அதுதான் ஒழுங்கான வார்.

சித்தி வெட்டுண்ட கரையைப் பார்த்துவிட்டு அலறினாள். “கூறைச்சேலையவா வெட்டுன! ஏட்டி, பாவம்லா அது!”

“பெட்டிக்குள்ள கெடந்து என்ன செஞ்சுது சித்தி? பூச்சி உருண்டை வாசம் புடிச்சிட்டுக் கெடந்துது. இப்ப ஒரு கல்யாணத்துக்காவது போகட்டும்.”

சித்திக்குக் கோபம் வந்து, அழுகை வந்து, கடைசியில் வாரைத் தடவிப் பார்த்து, “ஜரிக நெசமாவே நல்ல ஜரிகதான்” என்றாள்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்தில் மணமகள் அறையிலிருந்து நான் வெளியே வரும்போது, சித்தி என் கொசுவத்தைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, கையை இழுத்துப் பிடித்து, பொத்தானை அமுக்கிவிட்டாள்.

“ஓடுது பாரு. வாயத் தொறக்காமப் போ. கெழவன் இன்னிக்கு ஒண்ணுஞ் சொல்ல முடியாது.”

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஐயர் மாங்கல்யத் தட்டை எல்லோரும் தொட்டு வாழ்த்தும்படி அனுப்பியிருந்தார். நான் மணவறைக்குப் போனேன். பெரியப்பா மேலே, பெண்ணுக்குப் பின்னால் நின்றார். நான் விளக்கின் திரியைத் தூண்டக் கையை நீட்டியபோது அவர் குனிந்து பார்த்தார். முள் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முகம் தெளிந்தது. பக்கத்தில் நின்றவரிடம் சந்தோஷமாகவே சொன்னார்.

“சரி பண்ணிட்டா. இப்ப ஓடுது.”

அந்தச் சந்தோஷத்தை நான் விட்டுவைத்திருக்கலாம். வயசானவர், நல்ல நாள். ஆனால் அவர் சரி பண்ணிவிட்டாள் என்று சொன்னது எதை என்று எனக்குக் கேட்டது. இது கெட்டுப்போனதே இல்லை. நானும்தான். கையை அவர் கண்ணுக்கு நேராகவே வைத்துக்கொண்டு மேல் பொத்தானை அமுக்கினேன். முள் நின்றது. கீழ்ப் பொத்தானை அமுக்கினேன். முள் சுற்றிவந்து பன்னிரண்டில் உட்கார்ந்தது.

“மாமா, அது நிக்க வேண்டிய எடத்துலதான் நிக்குது. ஓடுதது கீழ இருக்கு.”

அவர் வாயைத் திறந்தார். கீழே முதல் வரிசையில் சித்தி கண்ணை மூடிக்கொண்டது தெரிந்தது. அதற்குள் ஐயர் கெட்டிமேளம் என்று கையை உயர்த்தினார், மேளம் எல்லார் பேச்சையும் விழுங்கிற்று, அட்சதை விழ ஆரம்பித்தது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான். சரட்டின் இரண்டு நுனியையும் விடாமல் பிடித்துக்கொண்டு, சுற்றி நிற்பவர்கள் யாரையும் பார்க்காமல், என் பக்கம் திரும்பினான். வாங்கிக்கொண்டேன். பெண் பின்னலை ஒதுக்கிக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். இரண்டாவதையும் மூன்றாவதையும் போட்டேன். நாள் முழுக்க நூலோடு மல்லுக்கட்டுகிற விரல்களுக்குப் பாதி முடிச்சு வராது.

“மைனி” என்றாள் பெண், குனிந்தபடியே. “முடியையும் சேத்துக் கட்டிட்டீய.”

“வலிக்கா?”

“இழுக்கி. பைய எடுத்து விடுங்க, முடிச்சு அவுந்துராம.”

நகத்தால் முடியை ஒவ்வொன்றாக விலக்கினேன். முடிச்சைத் தளர்த்தவில்லை. மேளம் அடங்கியது, அட்சதை ஓய்ந்தது, மண்டபம் முழுக்க அடுத்தது என்ன என்று மணவறையைப் பார்த்தது. பெரியப்பாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். என் கை அவள் பிடரியில், முள்ளும் வாரும் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. கடைசி முடி வந்துவிட்டது. கையை எடுக்க எனக்கு அவசரமில்லை.